நாலு ஞாயிறு விளையாடிய வீடு

டங்கென்று ஒன்று விழுந்து, அப்புறம் கடகடவென்று சிமெண்டுத் தரையில் உருண்டோடியிருக்குமே, அதுதானே கீழே நிற்கும்போது கேட்டீங்க? இந்தக் காம்பவுண்டுக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் முதலில் அந்தச் சத்தம்தான் கேட்கும். அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார்கள். பார்ப்பதற்குள்ளேயே ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மில்லுக்காரன் சூதாட உட்கார்ந்துவிட்டான் என்று. சூது இல்லைங்க. பித்தளைத் தாயக்கட்டை. தனியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஆள் வருவான். அதற்கு முன்னால் எது எப்படி விழுகிறது என்று ஒருதரம் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

உட்காருங்க. கட்டிலிலேயே உட்காருங்க, நாற்காலிக்குக் கால் ஆடும். நான் இந்த ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மைதாப் பசை காய்ச்சி வைத்துவிட்டேன், விட்டால் கட்டி தட்டிப் போகும். முழு நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு வெயில்தான் சத்துரு. போன வருசம் ஒட்டியதெல்லாம் உரிந்து, காலை ஒன்பது மணிக்கு மூஞ்சியிலேயே வந்து அடிக்கிறது. இருபத்திரண்டு வருசமாக முழு நைட்டுங்க. நானாகக் கேட்டு வாங்கியது.

சென்னியப்பனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கீங்க. சரி. மில் கேட்டில் கேட்காமல், அக்கம்பக்கத்தில் கேட்காமல், நேராக என்னிடம் வந்தீங்களே, அதுவே நல்ல சகுனம். டீக்கடையில் சொன்னார்களா? சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சென்னியை என் அளவுக்குத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை. அவனுடைய அக்கா ருக்மணிக்குக்கூடத் தெரியாது.

உங்கள் தங்கச்சி மகளுக்கா? வயசு? முப்பத்திநாலு. ம். இவனுக்கு நாற்பத்திரண்டு நடக்கிறது. நம்ம பக்கம் இன்றைக்கு நாற்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா? தோட்டம் கிணறு என்று வைத்திருக்கிறவனே நாற்பத்தைந்தில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கேரளாப் பக்கம் அலைகிறான். இவன் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓட்டுகிறவன். குடி இல்லை. பீடி, சிகரெட் இல்லை. பொம்பளைகள் எதிரே வந்தால் செவுத்தைப் பார்ப்பான். பதினாறு வருசமாக என்னோடு முழு நைட். ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. ஒரே ஒரு குணம், அதைக் குறையென்றும் சொல்லலாம், நிறையென்றும் சொல்லலாம். சொன்னால் நம்பிவிடுவான். பொண்டாட்டிக்கு அது நல்லதுதானே?

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் விளையாட்டைச் சொல்ல வேண்டும். கல்யாண விசாரணைக்கு இது எதற்கு என்று பார்க்கிறீங்க. கேளுங்க, அது தெரியாமல் சென்னியைத் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு வருசம் முன்னால் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கெட்டி அட்டை இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அட்டையில் ரெக்கை முளைத்த ஒரு உடும்பு, அதற்கெதிரே கத்தியோடு நாலு பேர். கதைப் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பிரித்தால் கதையே இல்லை. கதை நடக்க வேண்டிய இடம் மட்டும் இருக்கிறது. மலை, பனி, கோட்டை, கோட்டைக்குள் எத்தனை அறை, எந்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள், எந்தக் கதவு எப்படித் திறக்கும். கதையை நாமே நடத்திக்கொள்ள வேண்டும். ஒருவன் கதை நடத்துகிறவன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேசம். 'கதவைத் தட்டுகிறேன்' என்று வேசக்காரன் சொல்வான். கட்டையை உருட்டிப் பார்த்துவிட்டு, திறந்ததா, திறக்கவில்லையா, திறந்தது யார் என்று நான் சொல்வேன். அவ்வளவுதான் விளையாட்டு. எட்டாவதோடு நின்றவன் நான். டிக்சனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருசம் படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மாட்கள் இதையெல்லாம் லேசாக நினைக்கிறார்கள்.

மூன்று பேரைச் சேர்த்தேன். எலக்ட்ரீசியன் ரபீக், கேன்டீனில் சமைக்கிற லோகு, சென்னி. ஞாயிறு காலையில் மில் லீவு, இதே தரையில் உட்காருவோம். முதல் தடவை புத்தகத்தில் இருக்கிறபடியே பனிமலைக் கோட்டையை ஓட்டினேன். ஓடவே இல்லை. ரபீக் கேட்டான், "நாச்சிண்ணா, ஐஸ் பொட்டிக்குள்ள எதுக்குங்ணா கத்திச் சண்டை?" என்று. லோகு சிரித்துச் சிரித்துப் படுத்தேவிட்டான். சரி, இடம் மாறாமல் இவன்களுக்குக் கதை பிடிபடாது என்று தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம்தான் என் வேலையே ஆரம்பித்தது. அறைகளின் கணக்கு, கதவுகளின் ஒழுங்கு, யார் எங்கே காவல் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்கும். மேலே போர்த்துகிற துணியை மட்டும் மாற்றிவிடுவேன். கோட்டைப் படையெடுப்பை எடுத்துத் தேர் நகராத கதையாக்கினேன். ஒரு ஊரில் தேர் நிலையை விட்டு அசையவில்லை, யார் செய்த குற்றம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறு ஞாயிறு ஓடியது. ஒரு கத்தி இல்லை, ஒரு அடிதடி இல்லை. அப்புறம் காக்கா கதை. மூன்று பேரும் காக்கா. ஒருத்தன் செத்துப்போய்விட்டான், பிண்டம் வைத்திருக்கிறார்கள், சொந்தமெல்லாம் கைகூப்பி நிற்கிறது. காக்கா தின்றால்தான் அவனுக்குக் கதி. தின்பதா வேண்டாமா? அவ்வளவுதான் கதை. ரபீக்கும் லோகுவும் கொஞ்ச நேரத்தில் தின்றுவிட்டுப் பறந்துவிட்டார்கள். சென்னி மட்டும் தின்னமாட்டேன் என்றுவிட்டான். செத்தவன் பெண்டாட்டியைப் போட்டு அடித்தவன் என்று நான்தான் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டான். மூன்று ஞாயிறு மதில்மேலேயே உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. நான் தெரிந்துகொண்டேன், இவன்தான் என் ஆள். மற்ற இருவரும் விளையாடினார்கள். இவன் அதற்குள்ளேயே இருந்தான்.

பசை வாடை வருகிறதா? துருசு கொஞ்சம் போட்டிருக்கிறேன், பூச்சிக்கு.

விசயத்துக்கு வருகிறேன். ஒன்றரை வருசம் முன்னால் இவனுக்கு ஒரு இடம் வந்தது. காங்கேயத்துக்குத் தெற்கே, அங்கமுத்து என்று ஒருவர், ஒரே மகள், கோகிலவாணி. முப்பத்தியாறு வயசு. தாலுக்கா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் வைத்திருக்கிற பெண். இவனுக்கு அது பதினெட்டாவது இடம். அதற்கு முன்னால் பதினேழு வீட்டிலும் ஒரே கதைதான். போவான், உட்காருவான், வாய் திறக்காது. வேர்த்துக் கொட்டும். பையனுக்குப் பேச்சு வராதா என்று கேட்டு அனுப்புவார்கள். கடைசி வீட்டில் காது கேட்குமா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அவனேதான் கேட்டான். நான் கேட்கவில்லை, அதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்க. "அண்ணா, பொண்ணு பாக்கறத வெச்சே ஒரு கதை ஓட்டுங்ணா. நாலு தடவை இங்கயே போய்ப் பழகிட்டன்னா, அங்க போயிப் பயம் இருக்காதுங்ணா." வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். ரபீக் கேலி பண்ணினான், மாமியார்க்காரிக்கு ரெக்கை உண்டா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருசத்தில் எனக்கே தோன்றாத கதை. உடும்பு இல்லாத, தேர் இல்லாத, நாலு பேர் உட்கார்ந்து கேசரி தின்கிற கதை. அதில் எங்கே இருக்கிறது ஆபத்து? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்குள் ருக்மணியும் என்னிடம் வந்தாள். நாச்சிண்ணா, நீங்க ஒரு நடை போய் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வாங்க, எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். இன்றைக்கு நீங்கள் வந்திருக்கிற மாதிரிதான். நானும் பஸ் ஏறிப் போனேன். பக்கத்து வீட்டில் பாப்பாத்தி என்று ஒரு அம்மா, மோர் கொடுத்தது, கொள்ளு காய வைத்துக்கொண்டே எல்லாம் சொன்னது. நல்ல குடும்பம். ஒரு வில்லங்கமும் இல்லை. பெண்ணுக்குச் செவ்வாய் தோசம், அது தள்ளித்தள்ளி வயசாகிப்போனது. ஒரே ஒரு நிபந்தனை, மாப்பிள்ளை பகல் ஷிப்டுக்கு மாற வேண்டும். ராத்திரியெல்லாம் தனியாக இருக்க அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காதாம்.

பகல் ஷிப்டு. மாறினால் ஞாயிறு லீவும் மாறிவிடும், தெரியுமில்லையா? பகல் ஷிப்டுக்காரனுக்கு எங்கள் மில்லில் வெள்ளிக்கிழமைதான் லீவு. சும்மா சொல்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டையும் பார்த்துக்கொண்டேன். பாப்பாத்தியம்மாள் கூட்டிப்போய்க் காட்டியது, வீட்டில் ஆள் இல்லாத நேரம். முன்வாசலில் இரட்டைத் தூண், உள்ளே ஊஞ்சல், வலது கைப்பக்கம் சமையல், இடது கைப்பக்கம் நெல் குதிர், பின்னால் கிணற்றை ஒட்டி ஒரு அறை. அந்த அறைக்குப் பெரிய பூட்டு. திரும்பி வந்து, புத்தகத்தில் இருக்கிற கோட்டைப் படத்தின்மேல் இந்த வீட்டை வைத்துப் பார்த்தேன். நம்பமாட்டீங்க, அப்படியே பொருந்தியது. கோட்டையில் கடைசியாக ஒரு அறை உண்டு, உடும்பு படுத்திருக்கிற அறை. அது எங்கே வருகிறது என்று பார்த்தால், அந்தக் கிணற்றடி அறை.

நாலு ஞாயிறு ஓட்டினேன்.

முதல் ஞாயிறு சென்னி உள்ளே போனான், கேசரி தின்றான், நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச முடியவில்லை, திரும்பி வந்தான். கட்டை அப்படி விழுந்தது. அதிலிருந்து கேசரியைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டான். ரெண்டாவது ஞாயிறு பெண்ணோட அப்பா சிரித்துச் சிரித்துப் பேசினார். சிரிக்கிறவர் எதையோ மறைக்கிறவர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான். கல்யாணமும் ஆனது. ஆன அன்றைக்கு அந்தப் பூட்டின அறை திறந்தது. உள்ளே சங்கிலியில் ஒரு ஆள். மூன்றாவது ஞாயிறு மறுபடி போனான். மறுபடி கல்யாணம். அறை திறந்தது. இந்தத் தடவை உள்ளே பட்டுவேட்டி கட்டி, கழுத்தில் காய்ந்த மாலையோடு இன்னொரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். பதினைந்து வருசமாக உட்கார்ந்திருந்தான். "வந்துட்டியா, இனி நீ உக்காரு" என்றான். நான் அதைச் சொன்ன விதத்தில் லோகு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தான். அப்படி இருந்தது. என் வாழ்நாளில் நான் நடத்திய கதையிலேயே அதுதான் உச்சம்.

நாலாவது ஞாயிறு சென்னி போனவுடனேயே, கேசரியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ரூம்பைத் திறங்க என்றான். கட்டையைப் போட்டான். தாயம். அறைக்குள் இருந்தவன் புகையாகப் போய்விட்டான், பெண்ணும் மாலையோடு வந்துவிட்டாள். இவன் எழுந்து ஆடினான். நாற்பது வயசு ஆள், இந்தத் தரையில் ஆடினான்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு ரபீக் மட்டும் நின்றான். "போதுங்ணா. அவன் நெசம்னு எடுத்துக்குவான். போறதுக்கு முன்னால அது வெறும் ரூம்புன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றான். நான் சொன்னேன், தம்பி, கதையை நடத்துகிறவன் கதைக்கு வெளியே வந்து பேசக்கூடாது, அது விதி, புத்தகத்திலேயே இருக்கிறது என்று. அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படியிறங்கிப் போய்விட்டான்.

பெண் பார்க்கப் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வேனில் ருக்மணி, அவள் வீட்டுக்காரர், தரகர், சென்னி, நான். வீட்டு வாசலில் இறங்கினதும் சென்னி நின்றுவிட்டான். இரட்டைத் தூணைப் பார்த்தான். உள்ளே ஊஞ்சலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கண்ணெல்லாம் விரிந்துவிட்டது. என் கையை எப்படிப் பிடித்தான் தெரியுமா, தேருக்கு முன்னால் குழந்தை அப்பன் கையைப் பிடிக்குமே, அப்படி. நாலு ஞாயிறு நடந்த வீடு. ஒரு சொட்டு வேர்வை இல்லை அவனுக்கு. கம்பீரமாக உள்ளே போய் உட்கார்ந்தான். ருக்மணிக்கே ஆச்சரியம்.

கேசரி வந்தது. வேண்டாமுங்க என்றான், மரியாதையாகத்தான். அங்கமுத்து சிரித்தார், சக்கரை இருக்குதுங்களா மாப்பிள்ளைக்கு என்று கேட்டார். சிரித்ததும் இவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதுவரை எல்லாம் என் கையில்தான் இருந்தது.

அப்புறம் அந்தப் பெண் வந்தது. தலை குனிந்து, காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லை. வந்தது, எதிரே ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. நான் இவளை இப்படி எழுதி வைக்கவில்லை. என் கதையில் அவள் பேசவே மாட்டாள். நேராக இவனைப் பார்த்துக் கேட்டது.

"ஷிப்டு மாத்திக்குவீங்களா?"

"மாத்திக்கறனுங்க" என்றான்.

யோசிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பதினாறு வருசம். அப்படியே, காப்பி வேணுமா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி, மாத்திக்கறனுங்க.

ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க என்று கேட்டது. கதை விளையாடுவோமுங்க என்றான். சொல்லுங்க கேட்போம் என்றது. இவன் காக்கா கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். பதினேழு வீட்டில் வாய் திறக்காதவன், கை காலெல்லாம் ஆட்டி, மதில்மேல் உட்கார்ந்ததைச் சொல்கிறான். பிண்டம் காய்ந்துபோனதைச் சொல்கிறான். என் கதைங்க அது. நான் நடத்தியது. ஒரு இடத்தில்கூட 'எங்க அண்ணன் நடத்தினாருங்க' என்று வரவில்லை. அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கடைசியில அந்தக் காக்கா தின்னுச்சுங்களா?"

"இல்லீங்க."

"நல்லது பண்ணுச்சு" என்று சொல்லிச் சிரித்தது.

என் வீட்டுக்காரியும் முதல் நாள் அப்படித்தான் சிரித்தாள். இப்போது உடுமலையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒன்பது வருசமாக இருக்கிறாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அது வேறு கதை.

எங்கே விட்டேன்? ஆங். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கமுத்து பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொன்னார். ருக்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இவன் அந்த அறையைச் சுத்தமாக மறந்தேபோய்விட்டான். நாலு ஞாயிறு உழைப்பு. வேசக்காரன் மறந்தால் எடுத்துக்கொடுப்பது கதை நடத்துகிறவன் கடமை. நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. அவன் முட்டியில் ரெண்டு தட்டுத் தட்டினேன். கிணற்றடிப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவ்வளவுதான். வாயே திறக்கவில்லை.

முகம் அப்படியே மாறியதுங்க. கரண்ட் போன மாதிரி.

எழுந்து நின்றான். "அந்த ரூம்பைத் திறந்து காட்டுங்க" என்றான். அங்கமுத்துவுக்குப் புரியவில்லை. எந்த ரூம்புங்க என்றார், சிரித்துக்கொண்டேதான் கேட்டார், அதுதான் தப்பாகப் போய்விட்டது. கெணத்தடி ரூம்பு, பூட்டி வெச்சிருக்கறீங்களே, அது என்றான் இவன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதில் ஒண்ணுமில்லைங்க மாப்பிள்ளை, வெறும் சாமான் என்றார். ருக்மணி இவன் கையைப் பிடித்து இழுத்தாள். தரகர், தம்பி உட்காரு தம்பி என்றார். இவன் அசையவில்லை. "திறக்காம நான் போகமாட்டனுங்க. உள்ள யாரு இருக்கறா?"

உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்டுவிட்டான். பெண் வீட்டில், இத்தனை பேர் முன்னால்.

அந்தப் பெண்தான் எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்தது. அப்பா வேண்டாம் கண்ணு என்றார். அது கேட்கவில்லை. தானே பூட்டைத் திறந்து, ரெண்டு கதவையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஓரமாக நின்றது. பாருங்க என்றது.

சீர் சாமானுங்க. பீரோ, கட்டில், மெத்தை, கிரைண்டர், மிக்சி, எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்கு. சுவரோரமாக எவர்சில்வர் பாத்திரம், அடுக்கடுக்காக. ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கிறது. அ. கோகிலவாணி. பக்கத்திலேயே வருசம், 2008. பதினைந்து வருசமாகப் பூட்டியே இருந்திருக்கிறது. வருகிறவன் போகிறவன் கண்ணில் படவேண்டாம் என்றுதான் பூட்டி வைத்திருக்கிறார்கள். வருசத்தைப் படித்துவிடுவானே.

எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீங்க. தெரியும். பாப்பாத்தியம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டது, அந்த ரூம்பு மட்டும் பாவம்ங்க, பாக்கக்கூட முடியாது என்று. தெரிந்ததை அப்படியே சொன்னால் அது கதையாகுமா? பூட்டின அறைக்குள்ளே பாத்திரம் இருக்கிறது என்றால் எவன் உட்கார்ந்து கேட்பான்?

அத்தோடு விட்டிருந்தால்கூட ஏதாவது மழுப்பியிருக்கலாம். இவன் உள்ளே போனான். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அந்த மாப்பிள்ளையைத் தேடுகிறான், எனக்கு மட்டும்தான் தெரியும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். பிளாஸ்டிக் சரசரவென்று சத்தம் போடுகிறது. ஒரு குடம் உருண்டு வந்து அந்தப் பெண் காலடியில் நின்றது.

"கிடைச்சுதுங்களா?" என்று கேட்டது.

இவன் நிமிர்ந்து பார்த்தான். அது குடத்தை எடுத்து உள்ளே வைத்தது. இவன் வெளியே வரும்வரை நின்றது. பூட்டியது. பூட்டிவிட்டு, "அப்பா, வந்தவங்களுக்குக் காப்பி குடுத்து அனுப்பிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு சமையல் பக்கம் போய்விட்டது. சத்தம் போடவில்லை, அழவில்லை. நல்ல பெண். நான் யாரிடமும் அந்தப் பெண்ணைக் குறை சொன்னதில்லை.

காப்பியைக் குடித்தோம். குடிக்காமல் எப்படி வருவது?

ருக்மணி அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை. ஆட்கள் நன்றி மறந்துவிடுகிறார்கள். ரபீக் அந்த வாரத்தோடு வரவில்லை. லோகுவும் நின்றுவிட்டான். சென்னி வந்தான். அடுத்த ஞாயிறே வந்தான், இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, "அண்ணா, நான் எங்கண்ணா தப்பா போட்டேன்?" என்று கேட்டான். இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போகலாம் என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கு வரைக்கும் ஓடுகிறது. ரெண்டே பேர்தான். ஒன்றரை வருசம். ஷிப்டை மாற்ற எழுதிக் கொடுத்திருந்தான், திரும்ப வாங்கிவிட்டான். இப்போதெல்லாம் அந்த அறைப் பக்கமே போவதில்லை. நேராகப் போய் உட்காருவான், காக்கா கதையைச் சொல்வான். சிரிப்பு வருகிற இடம் வரைக்கும் போவான். அதற்கு மேல் கட்டை விழாது.

ஒன்று சொல்லவேண்டும், மறைக்கக்கூடாது. நடந்து நாலு மாசம் கழித்து பாப்பாத்தியம்மாள் எனக்குப் போன் போட்டது. அந்தப் பெண் சொல்லச் சொன்னதாம். அவர் தனியாக வந்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை, மன்னிச்சுக்குங்க என்று சொன்னால் போதும், பங்குனிக்குள் வந்தால் நல்லது, காக்கா கதை சொன்ன மனுசன் கெட்டவனாக இருக்கமாட்டான் என்று. அப்படியே சொன்னது.

நான் சொன்னேனுங்க. சொல்லாமல் விடவில்லை. அந்த ஞாயிறே சொன்னேன். 'சென்னி, பக்கத்து வீட்டு அம்மா உனக்கு ஒரு சேதி கொண்டு வருகிறாள், பெண் உன்னைத் தனியாக வரச் சொல்கிறாள், பங்குனிக்குள்' என்றேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. போறேன் என்றான். போடு கட்டையை என்றேன். நாலு விழுந்தது. நாலு விழுந்தால் கெட்டது. பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போட்டான், ரெண்டு. போனான், அங்கே வீடு பூட்டியிருந்தது. இப்படியே ஆறு வாரம். பங்குனி முடிந்துவிட்டது. வைகாசியில் அந்தப் பெண்ணுக்கு வெள்ளகோவிலில் கல்யாணம் ஆகிவிட்டது.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? அது நிஜச் சேதி என்று அவனுக்குத் தெரியுமா என்றா? அவன் கேட்டானா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் இன்னும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான், சந்தோசமாகத்தான் இருக்கிறான். நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

எழுந்துவிட்டீங்களே. இருங்க, டீ வாங்கி வரச் சொல்கிறேன். வேண்டாமா? சரி. என் அபிப்ராயம் கேட்டால், தாராளமாகப் பெண் கொடுக்கலாம். தங்கமான பையன். சொன்னதை நம்புவான், எதிர்த்துப் பேசமாட்டான். உங்கள் பெண்ணும் பகல் ஷிப்டுதான் கேட்கிறதா? ம். கேட்கட்டும், கேட்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்க. உங்கள் தங்கச்சி வீடு எந்தத் திசை பார்த்தது? வாசலில் ஏறினதும் என்ன வரும்? கிணறு உண்டா, போரா? மாடி ஏறுகிற படி உள்ளேயா வெளியேயா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் பரவாயில்லை, நானே ஒரு நடை வந்து பார்த்துக்கொள்கிறேன். விசாரிக்க எங்கள் பக்கமும் ஒரு ஆள் வரவேண்டுமில்லையா? ருக்மணி வரமாட்டாள். நான்தான் வருவேன்.

பார்த்து இறங்குங்க, மூன்றாவது படி உடைந்திருக்கிறது. கீழே கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருப்பான், அவன்தான் சென்னி. உங்களைப் பார்த்தால் கும்பிடுவான். யாரைப் பார்த்தாலும் கும்பிடுவான். நீங்கள் வந்த விசயத்தை அவனிடம் சொல்ல வேண்டாம், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, போய்ட்டு வாங்க. எனக்கு இன்னும் ஒரு கண்ணாடி பாக்கி இருக்கிறது. பசை இறுகிவிட்டது. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் இளகிவிடும்.